உம் கொட்டிய வழக்கு

மைக்கக்காவுக்கு உம் கொட்டும் பழக்கம் எப்போது ஒட்டிக்கொண்டது என்று அவளுக்கே தெரியாது. யார் எதைச் சொன்னாலும் ‘ம்’ என்பாள். அந்த ‘ம்’முக்கு ‘ஆமாம்’ என்று பொருள் இல்லை, ‘சரி’ என்றும் பொருள் இல்லை. ‘காதில் விழுகிறது, மேலே சொல்லுங்கள்’ என்று பொருள். சில நேரம், ‘காதில் விழவில்லை, ஆனாலும் சொல்லுங்கள்’ என்றும் பொருள். கேட்கிறவர் உம் கொட்டாவிட்டால் சொல்கிறவருக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும் என்பது வாய் உள்ள எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. சட்டத்துக்கு மட்டும் அது தெரியாது என்பதை, இரண்டு பற்களைப் பறிகொடுத்த பிறகுதான் அவள் தெரிந்துகொண்டாள்.

பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் சொல்வது அவள் வேலை. மேடைகளுக்கு நடுவே படியேறிப் போனால் ஒரு கண்ணாடி அறை. உள்ளே ஒரு மேசை, ஒரு மைக், இஷ்டப்பட்டால் சுற்றும் ஒரு மின்விசிறி. “தயவுசெய்து கவனிக்கவும். தடம் எண் பத்து, தற்போது மூன்றாவது மேடையில்...” என்று அவள் குரல் வந்ததும் பெஞ்சில் தூங்கிக்கொண்டிருப்பவர்கூட எழுந்து பையைத் தேடுவார். ‘த’ என்ற எழுத்தை அவள் சொல்வதில் ஒரு சுத்தம் உண்டு. அந்தச் சுத்தத்தைப் பற்றி அவளுக்குக் கர்வமும் உண்டு, ஆனால் அதை யாரிடமும் சொன்னதில்லை. ஓட்டுநர்களும் நடத்துநர்களும் வைத்த பெயர்தான் மைக்கக்கா. இப்போது வீட்டுக்காரர்கூடச் சில நேரம் அப்படித்தான் கூப்பிடுகிறார்.

வீட்டுக்காரர் கருகிப்போன மின்மோட்டார்களைப் பிரித்து, கம்பி சுற்றிக் கொடுப்பவர். தெருவில் அவர் மோட்டார்காரர். கைவேலையைவிட வாய்வேலை அதிகம். மாலையில் கை கழுவிக்கொண்டே ஒரு மோட்டாரின் கதையைத் தொடங்கினாரானால், அதை யார் வாங்கினார், வாங்கினவருக்கும் அவர் மச்சானுக்கும் என்ன தகராறு, அந்தத் தகராறில் மோட்டார் எப்படிக் கருகியது என்று முடிப்பதற்குள் சாப்பாடு ஆறிவிடும். மைக்கக்கா வெங்காயம் உரித்தபடி உம் கொட்டுவாள். நடுவில் ஒரு ‘ம்’ தவறினால் அவர் நிறுத்திவிடுவார். “கேக்குறியா?” “கேக்குறேன், சொல்லுங்க.” கல்யாணமானதிலிருந்து அந்த வீடு இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இந்தச் சமயத்தில்தான் அவளுக்குக் கடைவாய்ப் பல்லில் வலி வந்தது.

நகரத்தின் பெரிய பல் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே எல்லாருக்கும் மேலே ஒரு பெரிய டாக்டர் இருந்தார். “வலது பக்கம், கீழே, கடைசிப் பல்லு டாக்டர்” என்று சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள். மரத்துப்போக ஊசி போட்டார்கள். வாய் நிறையப் பஞ்சு, ஓரத்தில் எச்சில் உறிஞ்சும் குழாய். அதன் பிறகு டாக்டர் பேச ஆரம்பித்தார். நோயாளி பதில் சொல்ல முடியாத நிலைக்கு வந்த பிறகு பேசுவதுதான் அவருக்கு வசதி.

“வாய்ங்கிறது ஒரு குடும்பம் மாதிரிம்மா.”

“ம்.”

“பின்னால இருக்கிறவங்க சத்தம் போடுவாங்க. முன்னால நிக்கிறவங்க அமைதியா சிரிச்சுக்கிட்டு நிப்பாங்க. அவங்களைத்தான் நம்பக் கூடாது.”

“ம்.”

“வலிக்கிற பல்லு வலிக்குதுன்னு சொல்லிடுது. வலிக்காத பல்லு எப்ப வலிக்கும்னு யாருக்குத் தெரியும்?”

“ம்.”

“அப்ப எடுத்துடலாமா?”

“ம்.”

மேல்வரிசையில் முன்னால் நின்ற பல் ஒன்று தட்டில் ‘டிங்’ என்று விழுந்தது. மைக்கக்கா கண்ணைத் திருப்பிப் பார்த்தாள். தன் பல்லை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. பதறி வாயை மூடினாள். டாக்டரின் விரல் உள்ளே இருந்தது. டாக்டர் அலறினார். அலறிய வேகத்தில் பக்கத்துப் பல்லையும் பிடுங்கிப் போட்டார். பிறகு விரலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு, “வலிக்கிற பல்லுக்கு இன்னொரு நாள் வாங்க” என்று சொல்லி அனுப்பிவைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் மோட்டார்காரர் அவள் வாயைப் பார்த்தார். நடந்ததை எல்லாம் கேட்டார். கோபத்தில் டாக்டரைத் திட்டினார், ஆஸ்பத்திரியைத் திட்டினார். கடைசியில் திரும்பி, “சரி, நீ ஏன் ‘ம்’னு சொன்னே?” என்றார்.

“நான் எப்பவும் சொல்றதுதானே.”

“அது நம்ம வீட்டுல. அங்க போய் யோசிச்சு சொல்ல வேணாமா?”

பல் போன இடத்தைவிட அந்தக் கேள்வி அவளுக்கு அதிகமாக வலித்தது. எழுந்து உள்ளே போய்விட்டாள். அவரும் அதற்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. ஆனால் அவர் பார்க்கும் பார்வையில் அது அப்படியே இருந்தது.

மறுநாள் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்தபோதுதான் முழு நஷ்டமும் தெரிந்தது. நாக்கு முன்பல்லில் பட வேண்டிய இடத்தில் வெறும் காற்று இருந்தது. “ஹயவுசெய்ஹு கவனிக்கவும். ஹடம் எண் பஹ்ஹு...” நிலையம் முழுக்கச் சிரித்தது. (இனிமேல் அவள் பேசுகிற இடங்களில் இந்த இரண்டு பற்களை நாமே பொருத்திக் கொடுத்துவிடுவோம். தேவைப்படும் இடத்தில் மட்டும் கழற்றிக்கொள்ளலாம்.)

நிலைய அதிகாரி நல்ல மனிதர். விதியைப் பார்க்காமல் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார்.

“வேலைக்கான கருவியை ஊழியரே தொலைச்சிருந்தா வேலை போயிடும்மா. வேற யாராவது பறிச்சிருந்தா வேலை இருக்கும். உங்க பல்லு தொலைஞ்சதா, பறிச்சதா?”

“பறிச்சாங்க சார்.”

“அதை நீங்க சொன்னா எப்படி? கோர்ட்டு சொல்லணும். அதுவரைக்கும் கீழ, தவறவிட்ட பொருள் அறையில உக்காருங்க.”

குடைகளுக்கும் டிபன் பாக்ஸ்களுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் நடுவே அவளுக்கு ஒரு ஸ்டூல் போடப்பட்டது. ‘அவர்கள் செய்தது தப்பு’ என்று நீதிமன்றம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கண்ணாடி அறைக்குத் திரும்பிவிடலாம். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் வழக்குப் போட்டாள்.

வக்கீல் ஒருவர் கிடைத்தார். எப்போதும் தூக்கம் போதாதவர்போல இருப்பார், ஆனால் நல்லவர். “இது கவனக்குறைவு இல்லம்மா. வேணும்னே செஞ்ச தீங்கு. தொட்டது, பிடுங்கினது எல்லாத்துக்கும் ஆதாரம் உங்க வாயிலயே இருக்கு” என்றார்.

“அப்ப ஜெயிச்சுடுவோமா சார்?”

“இருங்க. வேணும்னே செஞ்ச தீங்குக்கு சட்டத்துல சில எதிர்வாதம் இருக்கு. சம்மதம், தற்காப்பு, அடுத்தவங்களைக் காப்பாத்தறது, சொத்தைக் காப்பாத்தறது, அவசியம். இதுல ஏதாவது ஒண்ணு பொருந்திட்டா, செஞ்சது செய்யாததா ஆயிடும்.”

“பல்லு?”

“பல்லு போனது போனதுதான். ஆனா யாரும் எடுக்காம போனதா ஆயிடும்.”

மைக்கக்கா இதை யோசித்துப் பார்த்தாள். புரியவில்லை. வழக்கப்படி, “ம்” என்றாள்.

நீதிமன்றத்தின் கூடம் பெரியது. சுவரோரம் பெஞ்சுகள், பெஞ்சுகளில் காத்திருந்து காத்திருந்து வழவழப்பான இடங்கள். நீதிபதி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எல்லாரையும் அன்போடு பார்த்தார். அவர் எதிர்வாதங்களில் ஊறினவர் என்றும், நல்ல எதிர்வாதம் ஒன்றைக் கேட்டால் அன்றைக்கு மதியச் சாப்பாட்டையே மறந்துவிடுவார் என்றும் பெஞ்சில் பேசிக்கொண்டார்கள்.

“வாதி புதுசு. அதனால சொல்லிடறேன்” என்று அவர் ஆரம்பித்தார். “யாரு யாரை அடிச்சாங்கன்னு இந்த நீதிமன்றம் கேக்குறது இல்ல. அது தெருவுல கேக்குற கேள்வி. அடிச்சவர்கிட்ட காரணம் இருக்கா, அதுதான் எங்க கேள்வி. காரணம் இல்லாம அடிக்கிறவன் ரவுடி. காரணத்தோட அடிக்கிறவர் பிரதிவாதி. அவரை மரியாதையா நடத்தணும்.”

முதலில் ஆதாரத்தைப் பதிவு செய்தார்கள். பற்கள் இரண்டும் ஆஸ்பத்திரியில் இருந்தன. ஆகவே, ‘சான்றுப் பொருள் ஒன்று: இடைவெளி’ என்று எழுத்தர் எழுதினார். சான்றுப் பொருளின் மேல் சீட்டு ஒட்ட வேண்டும் என்பது ஒழுங்கு. இடைவெளியின் மேல் ஒட்டுவதற்கு இடம் இல்லாததால் அவள் தாடையில் ஒட்டினார். வழக்கு முடியும்வரை சான்றுப் பொருளை யாரும் மாற்றக் கூடாது, அதாவது பொய்ப்பல் கட்டக் கூடாது என்று நீதிபதி உத்தரவிட்டார். மைக்கக்கா தாடையைத் தடவிக்கொண்டே நின்றாள்.

பிறகு அவளைக் கூண்டில் ஏற்றி, என்ன குறை என்று கேட்டார்கள். “பல்லை எடுத்தது தப்பு” என்று சொன்னாள். இங்கே பற்களைக் கழற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவள் வாயிலிருந்து வந்தது “ஹப்பு.” எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார். “என்னது?” மறுபடியும் “ஹப்பு” என்றாள். அவர் தலையாட்டிவிட்டு, “பல்லை எடுத்தது உப்பு” என்று எழுதிப் படித்தும் காட்டினார்.

ஆஸ்பத்திரியின் வக்கீல் எழுந்தார். உயரமானவர், குரலும் உயரம். பெரிய டாக்டருக்கு ஏற்ற பெரிய வக்கீல். “இதைத்தான் நாங்களும் சொல்ல வந்தோம் கனம் நீதிபதி அவர்களே. பல்லை எடுத்த கையோட உப்புத்தண்ணியில வாய் கொப்பளிக்கச் சொன்னோம். அதை வாதியே நன்றியோட நினைவு வச்சிருக்காங்க.”

“நன்றியோட” என்று எழுத்தர் சேர்த்துக்கொண்டார்.

சம்மதம்தான் முதல் எதிர்வாதம். பெரிய வக்கீல் குறுக்கு விசாரணையில் சண்டைக்கு வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் போலக் கூண்டில் கையை ஊன்றிக்கொண்டு பேச்சுக் கொடுத்தார்.

“பேருந்து நிலையத்துல வேலை பாக்குறீங்க.”

“ம்.”

“பொறுப்பான வேலை. வெயில் காலத்துல அந்தக் கண்ணாடி ரூம்ல கஷ்டம்தான்.”

“ம்.”

“பல்லு வலின்னு ஆஸ்பத்திரிக்குப் போனீங்க.”

“ம்.”

“டாக்டர் பொறுமையா எல்லாத்தையும் எடுத்துச் சொன்னாரு, நீங்களும் மனசார சம்மதிச்சீங்க.”

“ம்.”

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அவளுடைய வக்கீல் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். மைக்கக்கா கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “ஐயா, நான் ‘ம்’னா ‘சரி’ன்னு அர்த்தம் இல்ல. கேக்குறேன்னு அர்த்தம்” என்றாள்.

நீதிபதி ஆர்வத்தோடு முன்னால் சாய்ந்தார். “கேக்குறேன்னு அர்த்தமா? அப்ப டாக்டர் எடுக்கட்டுமான்னாரு, நீங்க ‘கேக்குறேன்’னீங்க.”

“ஆமாங்கய்யா.”

‘பல்லை எடுக்கும்படி வாதியே கேட்டார்’ என்று எழுத்தர் எழுதிக்கொண்டார்.

அன்றைக்கு வெளியே வந்ததும் வக்கீல் கைகூப்பாத குறையாகச் சொன்னார். “அம்மா, இனிமே இந்தக் கட்டடத்துக்குள்ள அந்த எழுத்தையே சொல்லாதீங்க. வாயில கைக்குட்டையை வச்சு அழுத்திக்குங்க.” மைக்கக்காவுக்குப் பயம் வந்துவிட்டது. பயம் வந்தால் பழக்கம் இடம் பார்த்து நிற்காது. வீட்டிலும் உம் கொட்டுவதை நிறுத்திவிட்டாள். மோட்டார்காரர் அன்று ஒரு தண்ணீர்ப் பம்பின் கதையைத் தொடங்கினார். கொஞ்ச தூரம் போய், “கேக்குறியா?” என்றார். தலையை மட்டும் ஆட்டினாள். அவர் இன்னும் கொஞ்சம் சொல்லிப் பார்த்தார், பிறகு பாதியில் விட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். அந்தப் பம்பு எப்படிக் கருகியது என்று அவளுக்குத் தெரியாமலே போயிற்று. அதற்குப் பிறகு சாயங்காலங்களில் அந்த வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

அடுத்த வாய்தாவில் தற்காப்பு. பெரிய டாக்டர் நேரில் வந்து, என்றோ ஆறிப்போன விரலுக்குப் புதுக் கட்டுப் போட்டு உயர்த்திக் காட்டினார். பெரிய வக்கீலின் குரல் கூடத்தின் கூரைவரை போய் வந்தது.

“பல்லுங்கிறது என்ன? இயற்கை மனுஷனுக்குக் குடுத்த முதல் ஆயுதம். கத்தியைக் காட்டினவன் கையிலேருந்து கத்தியைப் பிடுங்கினா, ‘என் கத்தியைப் பிடுங்கிட்டாங்க’ன்னு அவன் கோர்ட்டுக்கு வரலாமா? முதல் பல்லு சம்மதத்துல வந்தது. ரெண்டாவது பல்லு, ஆயுதத்தைப் பறிமுதல் செஞ்சது.”

மைக்கக்காவின் வக்கீல் எழுந்தார். “கனம் நீதிபதி அவர்களே, டாக்டரோட விரல் இவங்க வாய்க்குள்ள இருந்தது.”

“இல்ல. இவங்க வாய் டாக்டரோட விரலைச் சுத்தி இருந்தது” என்றார் பெரிய வக்கீல்.

நீதிபதி கண்ணை மூடி யோசித்தார். “தற்காப்புல முக்கியமானது அளவு. மீறக் கூடாது. எத்தனை தடவை கடிச்சாங்க?”

“ஒரு தடவை.”

“எத்தனை பல்லு எடுத்தீங்க, கடிச்ச பிறகு?”

“ஒண்ணு.”

“அளவு சரியா இருக்கு” என்றார் நீதிபதி. அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

அதன் பிறகு வந்த எதிர்வாதங்கள் வரிசையாக ஓடின. பக்கத்தில் நின்ற உதவியாளரையும், அடுத்து அதே நாற்காலியில் உட்காரப்போகிற நோயாளியையும் அவள் கடித்துவிடாமல் காப்பாற்றவே பல்லை எடுத்ததாகச் சொன்னார்கள். “அடுத்த நோயாளி வேற ரூம்ல உக்காந்திருந்தாரே” என்று கேட்டதற்கு, “கடிக்கிறவங்களுக்குக் கால் இல்லையா?” என்று பதில் வந்தது. சொத்துக் காப்புக்குப் பஞ்சு வந்தது. பஞ்சு ஆஸ்பத்திரியின் சொத்து. மைக்கக்கா அதை வாயில் கவ்விக்கொண்டு எழுந்து போகப் பார்த்தாளாம். வாயைத் திறக்கவைக்க ஒரே வழி பல்லைப் பிடித்து இழுப்பது. இழுத்ததில் பல் வந்துவிட்டது. “நாங்க இழுத்தது பஞ்சுக்காக” என்று உதவியாளர் ஒருவர் சத்தியம் செய்துவிட்டுப் போனார்.

மைக்கக்கா எல்லாவற்றையும் கைக்குட்டைக்குப் பின்னால் இருந்து கேட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள் என்று சொல்வார்கள், அவளுக்கு அதற்கும் வழி இல்லை. தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்களா என்று சில நேரம் சந்தேகமாக இருந்தது. தாடையில் சீட்டு இருப்பதைத் தொட்டுப் பார்த்து உறுதி செய்துகொள்வாள்.

கடைசி எதிர்வாதம் அவசியம். அதைப் பெரிய டாக்டரே எழுந்து சொன்னார். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

“எங்க ஆஸ்பத்திரியில மாணவங்களுக்குக் காட்டறதுக்கு ஒரு பல் அலமாரி வச்சிருக்கோம். சொத்தைப் பல்லு, உடைஞ்ச பல்லு, வேர் போன பல்லு எல்லாம் நிறைஞ்சு கிடக்கு. நல்ல முன்பல்லு மட்டும் ஒண்ணுகூட இல்ல. நல்ல பல்லை யாரும் கொண்டுவந்து குடுக்க மாட்டேங்கிறாங்க. நாங்க என்னதான் பண்றது? நல்ல பல்லு எப்படி இருக்கும்னே தெரியாம ஒரு தலைமுறை டாக்டருங்க வெளிய வந்தா, நாளைக்கு யார் வாயிலயும் எதை விட்டு வைக்கணும்னு அவங்களுக்குத் தெரியாதே. இவங்க வாயைத் திறந்ததும் பார்த்தேன். அப்படி ஒரு ஜோடி. ஒரு வாய்க்கு வர்ற சின்ன நஷ்டம், ஊருக்கே வரப்போற பெரிய நஷ்டத்தைத் தடுக்கும்னு என் மனசாட்சி சொல்லுச்சு.”

மைக்கக்காவின் வக்கீல் முதல்முறையாகத் தூக்கம் கலைந்தவர்போலத் துள்ளி எழுந்தார். “ஐயா, அலமாரிக்காகத்தான் எடுத்தேன்னு இவரே ஒத்துக்கிட்டாரு.”

“ஒத்துக்கல. காரணம் சொல்லியிருக்காரு” என்றார் நீதிபதி. “ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு. நீங்க உக்காருங்க.”

அன்று மதியச் சாப்பாட்டை நீதிபதி மறந்துவிட்டதாகப் பிறகு எழுத்தர் சொன்னார்.

தீர்ப்பு நாளன்று மோட்டார்காரர் கடையை மூடிவிட்டுக் கூடவே வந்தார். அதுவரை ஒரு வாய்தாவுக்கும் அவர் வந்ததில்லை. வேலை இருக்கிறது என்பார். ‘ம்’ என்று சொன்னவள் அவள்தானே, அவளே போய்ப் பார்த்துக்கொள்ளட்டும் என்று உள்ளுக்குள் ஓர் எண்ணம் இருந்தது. அதை அவளும் அறிவாள். ஆனால் வேலை போனால் இவள் என்ன ஆவாளோ என்ற கவலை கடைசியில் அவரையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. பின்பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்தார்.

நீதிபதி வாசிக்கத் தொடங்கினார். வாழ்நாளில் யார் பேச்சையும் கடைசிவரை கேட்டறியாத மோட்டார்காரர், அன்று ஒரு எழுத்து விடாமல் கேட்டார்.

“அஞ்சு எதிர்வாதத்தையும் தீர ஆராய்ஞ்சோம். சம்மதம் முழுசா இல்ல. வாய் நிறையப் பஞ்சு இருந்தது.”

மைக்கக்கா நிமிர்ந்தாள்.

“தற்காப்பும் முழுசா இல்ல. விரலை வெளிய எடுத்திருக்கலாம். அடுத்தவங்களைக் காப்பாத்தினதும் முழுசா இல்ல. பஞ்சைக் காப்பாத்தினதும் முழுசா இல்ல. அவசியமும் முழுசா இல்ல, அலமாரி கொஞ்ச நாள் காத்திருக்கும்.”

மைக்கக்கா திரும்பிப் பின்பெஞ்சைப் பார்த்தாள். மோட்டார்காரர் பெஞ்சின் நுனிக்கு வந்திருந்தார். கண்ணாடி அறையும் மேசையும் மைக்கும் அவள் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன.

“ஆக, ஒவ்வொண்ணும் ஒரு கால் காரணம்தான் தேறுது” என்று நீதிபதி தொடர்ந்தார். “ஆனா அஞ்சு கால் இருக்கே. நாலு கால் சேர்ந்தா ஒரு முழுக் காரணம் ஆயிடுது. மிச்சம் இருக்கிற கால் காரணத்தை ஆஸ்பத்திரி அடுத்த வழக்குல பயன்படுத்திக்கலாம். மனு தள்ளுபடி. சான்றுப் பொருள் ஒன்று நீதிமன்றத்தின் வசமே இருக்கும். வாதி அதைப் பத்திரமா வச்சிருக்கணும், அடைக்கக் கூடாது. ரெண்டு தரப்பும் ஏத்துக்கிட்டா, மேல்முறையீடு இல்லாம இத்தோட முடிச்சுக்கலாம்.”

“ஏத்துக்கிறோம்” என்றார் பெரிய வக்கீல்.

மைக்கக்கா கைக்குட்டையை உதட்டின் மேல் வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டாள். தொண்டைவரை வந்ததை விழுங்கினாள். பின்பெஞ்சிலிருந்து ஒரு சத்தம் வந்தது. வயிற்றில் குத்து வாங்கியவர் விடும் சத்தம்.

“ம்...”

“யார் அது?” என்றார் நீதிபதி.

மோட்டார்காரர் எழுந்து நின்றார். “நான் இவங்க வீட்டுக்காரருங்க.”

“அப்ப வாதி தரப்புதான். எழுதிக்குங்க.”

“ஐயா, நான் எதுக்கும் சம்மதம் சொல்லல. அது தானா வந்ததுங்க.”

“தானா வர்ற சத்தத்துக்குச் சட்டத்துல இடம் இல்ல” என்று சொல்லிவிட்டு நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டார். எழுத்தர் எழுதி முடித்து, பேனாவை மூடினார்.

வெளியே தாழ்வாரத்தில் மைக்கக்காவின் வக்கீல் வழக்குக் காகிதங்களை அக்குளில் இடுக்கிக்கொண்டு மோட்டார்காரர் முன்னால் வந்து நின்றார். மேல்முறையீடு செய்யலாம் என்று ராத்திரி எல்லாம் யோசித்து வைத்திருந்தார் பாவம். “அம்மா இத்தனை நாள் வாயை மூடிக்கிட்டு இருந்தாங்க. நீங்க ஏன் சார் ‘ம்’னு சொன்னீங்க?”

இந்தக் கேள்வியை எங்கோ கேட்ட மாதிரி இருந்தது மோட்டார்காரருக்கு. கேட்டது தன் வாயாலேயே என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் நினைவுக்கு வந்தது. மைக்கக்கா அவரைப் பார்க்காமல், தாடையிலிருந்த சீட்டை மெல்லப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

வரும் வழியில் பேருந்து நிலையத்தில் இறங்கினார்கள். நிலைய அதிகாரிக்குத் தீர்ப்பு ஏற்கெனவே தெரிந்திருந்தது. மிகவும் வருத்தப்பட்டார். வருத்தத்தோடேயே ஸ்டூலைத் திருப்பி வாங்கிக்கொண்டார். மேலே கண்ணாடி அறையில் யாரோ புதுப் பெண் “தயவுசெய்து கவனிக்கவும்” என்றாள். ‘த’ கொஞ்சம் அழுத்தம் குறைவுதான், இருந்தாலும் ‘த’தான். மைக்கக்கா நின்று கேட்டாள். பிறகு மற்றவர்களைப்போல அவளும் தன் பேருந்து நிற்கும் மேடையைத் தேடிப் போனாள்.

வீட்டுக்கு வந்தபோது வெயில் இறங்கிவிட்டிருந்தது. மோட்டார்காரர் அன்று மோட்டார் எதையும் தொடவில்லை, கையில் கிரீஸ் இல்லை. இருந்தும் சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். அவள் வெங்காயத்தை எடுத்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். அவர் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

“அவரு தள்ளுபடின்னாரு இல்ல” என்று நெஞ்சில் கை வைத்து ஆரம்பித்தார். “எனக்கு இங்க வலிச்சுது. அதுதான் வாய் வழியா வந்துடுச்சு. நான் சம்மதிச்சா சொன்னேன்?”

அவள் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். ‘ம்’ வரவில்லை. அவர் “கேக்குறியா?” என்று கேட்கவில்லை. காத்திருந்துவிட்டு அவராகவே தொடர்ந்தார்.

“அன்னைக்கு உனக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். அதைத்தானே நீ மொத நாள்லேருந்து சொல்லிட்டு இருந்தே. நான்தான் காதுல வாங்கல. வீட்டுக்கு வந்தவகிட்ட முதல் கேள்வியா அதைக் கேட்டேன் பாரு. அது தப்பு. என் மேலதான் தப்பு.”

அத்தனை பெரிய கூடத்தில், அத்தனை பேர் பேசியதில் எங்கேயும் வராத வார்த்தை, முழுப் பல்லோடு, அந்தச் சமையலறையில் வந்தது. அவள் கை நின்றது. கண்ணில் தண்ணீர் வந்தது. அதற்கு வெங்காயத்தைக் காரணம் சொல்லலாம், அவள் சொல்லவில்லை. இத்தனை நாள் அடைத்துவைத்திருந்தது தானாக வந்தது.

“ம்” என்றாள்.

மோட்டார்காரர் சட்டென்று மேலே பேசிவிடவில்லை. அந்த ‘ம்’ எதற்காக வந்தது என்று யோசிப்பவர்போல அவள் முகத்தைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் கேட்ட ‘ம்’களில் எத்தனை எப்படி வந்தவையோ என்று அவருக்குத் திக்கென்றது. அவள் கை, வலது கன்னத்தில், கீழே, கடைசிப் பல் இருக்கும் இடத்தில் இருந்தது.

“வலிக்குதா?” என்று கேட்டார்.

“வலிக்குது” என்றாள்.